ஏழு அங்குலச் சட்டியில் பூனைப்புதினா

2025 பெப்ரவரி 9ஆம் திகதி காலை, கொழும்பின் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில், மூன்றாம் இலக்கமிட்ட சட்டியில் நின்ற பூனைப்புதினாவின் முதற் கதிர் நீலம் காட்டியது. இந்தச் செடியை நான் முதன்முதலாகக் கொண்டுவந்து நட்டது 2023 ஏப்ரலில். இடையில் கழிந்த இருபத்திரண்டு மாதங்களில் பதினொரு செடிகளை அழுகவிட்டிருக்கிறேன். பூத்தபின் எழுதுவதென்று வைத்திருந்த குறிப்பேட்டை இப்போது திறந்திருப்பதால், சறுக்கிய இடங்களையும் மறைக்காமல் வரிசையாகவே சொல்லுகிறேன்.

முதலில் எந்தச் செடி என்பதைத் தெளிவாக்க வேண்டும். ஆங்கிலத்தில் கட்மின்ட் என்றும் கட்னிப் என்றும் சொல்லப்படுபவை நெப்பெற்றா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பூனைகளைக் கிறங்கவைப்பதில் பேர்பெற்ற நெப்பெற்றா கற்றாரியா உயரமாக வளர்ந்து வெண்மையான பூக்களைத் தருவது. நான் வளர்த்தது நெப்பெற்றா ஃபாசெனி என்னும் கலப்பினம். சாம்பல் படர்ந்த சிறிய இலைகளும் ஊதா கலந்த நீலப் பூக்கதிர்களும் கொண்ட இந்தச் செடியைக் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் பாதையோரங்களில் வரிசையாக நடுவார்கள். அங்கே அது குளிர்காலத்தில் மேலே காய்ந்து, வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்த்து, ஒரே இடத்தில் பல ஆண்டுகள் நிற்கும். துளசியும் கர்ப்பூரவள்ளியும் இதற்கு ஒரே குடும்பத்து உறவுகள் என்பதால், அவை வளரும் முற்றத்தில் இது வளராதா என்ற அசட்டுத் துணிவுடன்தான் நானும் தொடங்கினேன்.

லண்டனில் இருக்கும் மச்சாள் கன்றுகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லாமல் செடியோ விதையோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாதென்று மறுத்துவிட்டேன். அந்த ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போனபோது, வீதியோர நாற்றுமேடை ஒன்றில் இதே செடி கறுப்புப் பொலித்தீன் பைகளில் இருந்தது. பை ஒன்று 350 ரூபாவாக நான்கு வாங்கினேன். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் வளர்ந்த செடியை ஒரே நாளில் கடற்கரைக்கு இறக்குகிறோமே என்ற எண்ணம், உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு வரவேயில்லை.

பின்மதிலை ஒட்டி பன்னிரண்டு அடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட பாத்தி ஒன்று எங்களுக்கு உண்டு. செம்மண்ணும் கபுக்கல் துண்டுகளும், வீடு கட்டிய காலத்துச் சீமெந்துக் கட்டிகளும் கலந்த மண். ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, பத்துக் கிலோ கூட்டெருவும் மூன்று தாச்சி உலர்ந்த மாட்டெருவும் கலந்து, இரண்டடி இடைவெளியில் மூன்று கன்றுகளை நட்டேன். நான்காவதை மட்டும் பையோடு குசினி யன்னலின் வெளித்திட்டில், கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோனேன்.

மூன்று வாரத்தில் பாத்திச் செடிகள் கொழுகொழுவென்று எழுந்தன. அந்தக் கொழுப்பே முதலாவது எச்சரிக்கை என்பதை நான் உணரவில்லை. இந்தச் செடிக்கு உரம் கூடினால் தண்டு நீண்டு, மென்மையாகிச் சாய்ந்துவிடும். மே நடுப்பகுதியில் மழை பிடித்தது. ஆறு நாட்களாக இலை உலரவேயில்லை. ஏழாம் நாள் காலையில் நடுச்செடியின் அடித்தண்டு, மண்ணைத் தொடும் கழுத்துப் பகுதியில், கரிபோலக் கறுத்திருந்தது. மெதுவாக இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. கீழே வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஊறிய வைக்கோலின் நாற்றம்தான் இருந்தது. மற்ற இரண்டும் பத்து நாட்களுக்குள் அதே வழியில் போயின.

செத்தபின் செய்த சோதனையை நடுவதற்கு முன்னரே செய்திருக்க வேண்டும். பாத்தியில் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வற்றவிட்டு, மறுபடி நிரப்பி, அடிமட்டத்தை நட்டு மணிக்கூடு பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் இறங்கியது. அந்த வேகத்தில் இறங்கும் மண்ணில், வறண்ட கற்சரிவுகளின் வழிவந்த செடி ஒன்று மே மாதத்தைத் தாண்டும் என்று எதிர்பார்த்தது என் பிழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் ஊர் இது.

நான் மறந்துபோன நான்காவது செடியோ யன்னல் திட்டில் உயிரோடு இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் பாத்திரம் கழுவும்போது நினைவு வந்தால் மட்டும், தண்ணீர் கிடைத்திருந்தது. உயரம் ஒரு சாண்கூட இல்லை. தண்டு மட்டும் ஈர்க்குப்போல இறுகியிருந்தது. நான் தேடிய விடை முழுவதும் அந்தப் பையில் இருந்தது. ஆனால் அதிலிருந்து பாதியைத்தான் படித்தேன்: மண்தான் குற்றவாளி, சட்டிக்கு மாறினால் போதும் என்று முடிவுகட்டினேன்.

2023 ஓகஸ்டில், ஓரளவு மழை ஓய்ந்திருந்தபோது, அந்தத் தாய்ச்செடியிலிருந்து எட்டுச் சென்ரிமீற்றர் நீளமான பன்னிரண்டு தண்டுகளை வெட்டினேன். கணுவுக்குச் சற்றுக் கீழே, சவர அலகினால் வெட்டுவது நல்லது. கத்தரிக்கோல் அந்த நாற்பட்டைத் தண்டை நசுக்கிவிடுகிறது. கீழ்ப் பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, கழுவிய மணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்த தட்டில் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஊன்றினேன். மூன்றாம் வார இறுதியில் மெல்ல இழுத்துப் பார்த்தபோது எட்டுத் தண்டுகள் பிடித்துக்கொண்டன. இதுவரை எல்லாம் சரி.

அதன்பின் வரிசையாக மூன்று பிழைகள் செய்தேன். எட்டு அங்குலப் பிளாஸ்டிக் சட்டிகளை வாங்கியது முதலாவது. பையில் விற்கும் ஆயத்தக் கலவையை நிரப்பியது இரண்டாவது. அதில் முக்கால்வாசியும் தும்புத்தூள், மிகுதி கூட்டெரு. மூன்றாவதுதான் பெரிய பிழை: ஈரம் காக்கட்டும் என்று ஒவ்வொரு செடியின் அடியிலும் இரண்டு அங்குலத் தடிப்பில் தும்புப் போர்வை போட்டேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நன்மை செய்யும் அந்தப் போர்வை, இந்தச் செடியின் கழுத்தில் ஈரத்துணி சுற்றியதற்குச் சமம். ஒக்டோபர் மழையில் சட்டிகள் வெளியே நின்றன. மேற்பரப்பு உலர்ந்தது போலத் தெரிந்தாலும், ஓர் ஈர்க்கை அடிவரை குத்தி எடுத்தால் கீழ் மூன்றங்குலமும் மண்ணொட்டிக் கறுப்பாக வந்தது. இலைகளில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்தபோது 680 ரூபாவுக்குச் செப்பு மருந்து வாங்கி இருமுறை தெளித்தேன். ஈரம் போகாத இடத்தில் மருந்து என்ன செய்யும்? நவம்பர் முடிய முன்னரே எட்டும் போய்விட்டன. யன்னல் திட்டில் இருந்த தாய்ச்செடி இந்தமுறையும் ஒன்றும் ஆகாமல் அப்படியே நின்றது.

அடுத்த மே மழையும் போகட்டும் என்று பொறுத்திருந்து, 2024 யூலையில் செடியே இல்லாமல் சட்டிகளை மட்டும் வைத்து ஒரு சோதனை செய்தேன். முழு முயற்சியிலும் மிகப் பயன்பட்டது இதுதான். ஏழு அங்குல மண்சட்டி ஒன்று, அதேயளவு பிளாஸ்டிக் சட்டி ஒன்று; இரண்டிலும் மணல் மிகுந்த ஒரே கலவை. மூன்றாவதாக, கடைக்கலவை நிரப்பிய இன்னொரு பிளாஸ்டிக் சட்டி. மூன்றையும் தண்ணீர் வடியும்வரை நனைத்து, தாழ்வாரத்தின் கீழ் வைத்து, நாள்தோறும் காலை ஏழு மணிக்கு இடியப்ப மா நிறுக்கும் குசினித் தராசில் நிறுத்தேன். மண்சட்டி நனைத்த அன்று 4.6 கிலோ இருந்து, மூன்றாம் நாள் 4.1 கிலோவுக்கு வந்தது. அதே அரைக்கிலோ ஈரத்தை இழக்க மணற்கலவை போட்ட பிளாஸ்டிக் சட்டிக்கு ஏழு நாட்கள் பிடித்தன. கடைக்கலவைச் சட்டியைப் பத்தாம் நாளும் ஈர்க்கால் குத்தினேன். ஈர்க்கு ஈரமாகவே வந்தது. தராசை ஒவ்வொரு நாளும் கழுவித் திருப்பி வைத்தும், இடியப்பத்தில் மண் கடிபடுகிறது என்ற குற்றச்சாட்டிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்கவில்லை.

இந்த எண்களைப் பார்த்தபின்தான் மற்றப் பாதியும் விளங்கியது. கொழும்பின் வெப்பம் செடியைக் குறுக்கலாம், ஆனால் கொல்லவில்லை. யன்னல் திட்டிலும் அதே வெப்பம்தான். கழுத்தில் விழுந்து இரவு முழுவதும் உலராமல் நிற்கும் மழைநீரே கொன்றது. ஆகவே விரைவாக உலரும் சட்டி, மேலே கூரை, நாற்புறமும் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

கலவைக்கு இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டியே அளவை. நான்கு பெட்டி ஆற்று மணல், மூன்று பெட்டி செங்கல் நொறுக்கு, இரண்டு பெட்டி கூட்டெரு, ஒரு பெட்டி தும்புத்தூள். பக்கத்து வளவில் கட்டட வேலை செய்த மேசன் பாஸ் உடைந்த செங்கல்லை இலவசமாகவே தந்தார். அதைச் சாக்கில் கட்டிச் சுத்தியலால் அடித்து, கடலை அளவுத் துண்டுகளை எடுத்துக்கொண்டு, தூளை நுளம்புவலைத் துண்டில் அரித்துக் கழுவிவிட்டேன். தூள் தங்கினால் வடிகால் அடைபடும். கடற்கரை நடைதூரத்தில் இருக்கும்போது மணலுக்குக் காசு எதற்கு என்று முன்வீட்டு அன்ரி கேட்டார். உப்பை நினைத்து அந்த ஆசையை விட்டேன். தும்புத்தூள் புளிப்புப் பக்கம் சாய்வது. இந்தச் செடியோ நடுநிலையை விரும்புவது. எனவே முழுக் கலவைக்கும் புளிப்பைக் குறைக்கும் டொலமைற் சுண்ணாம்புத் தூள் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தேன். மேற்பரப்பில் தும்புக்குப் பதிலாக அரை அங்குலம் செங்கல் நொறுக்கையே பரப்பினேன். கழுத்துக்குக் கீழே தண்ணீர் தங்காமல் ஓடுகிறது.

செப்டெம்பரில் இருபது தண்டுகள் வெட்டினேன், பதின்மூன்று வேர்விட்டன. ஆறைச் சட்டிக்கு மாற்றி, மிகுதி ஏழு கன்றுகளையும் நண்பர்களுக்குக் கொடுத்தேன். கூரைக்கு ஆறடிக்கு நான்கடிப் பொலிகாபனேற் தகடு. வெட்டி மீந்த துண்டென்று 2,800 ரூபாவுக்குக் கிடைத்தது. நான்கு கம்பங்களில், முன்புறம் ஆறடி, பின்புறம் ஐந்தரை அடி உயரத்தில், வீட்டுப் பீலியின் ஒழுக்கு எட்டாத இடத்தில் பொருத்தினேன். சட்டிகள் கொங்கிறீற்றுத் தரையின் சூட்டை வாங்காதிருக்க ஒவ்வொன்றையும் இரண்டு செங்கற்களின்மேல் ஏற்றினேன். ஒக்டோபர், நவம்பர் மழை முழுவதிலும் ஆறு செடிகளில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. சட்டியின் நிறை 4.1 கிலோவுக்கு வந்தால் மட்டும், விளிம்போரமாக, காலையில் தண்ணீர்.

ஆனால் டிசெம்பரில் செடிகள் வெளிறி நீளத் தொடங்கின. கூரைக்கான இடத்தை நான் தெரிந்தெடுத்தது ஏப்ரல் மாதத்து வெயிலைப் பார்த்து. ஏப்ரல் முற்பகுதியில் கொழும்பில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். டிசெம்பரிலோ ஏறத்தாழ 30 பாகை தெற்கே சாய்ந்துவிடும். எங்கள் தெற்குப் பக்கத்தில் மூன்று மாடி வீடு ஒன்று உண்டு. ஏப்ரலில் காலை முழுவதும் வெயில் விழுந்த மூலைக்கு டிசெம்பரில் ஒன்றரை மணி நேரமே கிடைத்தது. சுண்ணக்கட்டியால் தரையில் நிழலின் ஓரத்தை மணிக்கு ஒருமுறை கீறிப் பார்த்து, கூரையை முழுமையாகக் கழற்றி, வடக்கு மதிலோரமாக ஒன்பது அடி தள்ளி நட்டேன். அங்கே காலை எட்டு முதல் பகல் ஒன்றரை வரை வெயில் கிடைத்தது. கம்பம் நடுமுன் இந்தக் கோடுகளைக் கீறியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

இடம் மாற்றிய அதே வாரத்தில், டிசெம்பர் 20 முதல், 9 வாற் எல்ஈடி மின்குமிழ் ஒன்றையும் செடிகளுக்கு இரண்டடி மேலே தொங்கவிட்டேன். இந்தச் செடி தன் இயல்பான நாடுகளில் நீண்ட பகலில் பூப்பது. லண்டனின் ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும், எங்கள் டிசெம்பர்ப் பகலோ பதினொன்றே முக்கால்தான். மாலை ஆறரை முதல் பத்தரை வரை விளக்கு எரிந்தது. பூ வந்த நாள்வரை கணக்கிட்டால் ஏறத்தாழ 1.8 அலகு மின்சாரம், பொருட்படுத்த வேண்டியதில்லை. பல்லிகளுக்கு அது பெருவிருந்தாக அமைந்தது. அதே கிழமையில் எல்லாச் செடிகளின் நுனிகளையும் இரண்டு கணுவுக்குக் கிள்ளிவிட்டதால், ஒரு தண்டு நின்ற இடத்தில் இரண்டும் மூன்றுமாகக் கிளைகள் வந்தன.

வெயிலையும் விளக்கையும் ஒரே வாரத்தில் மாற்றியதால், பூவுக்கு எதை வாழ்த்துவது என்று சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டேன். அடுத்த பருவத்தில் மூன்று சட்டிகள் விளக்கின் கீழும் மூன்று விளக்கொளி படாத மறைவிலும் நிற்கும்.

இனிப் பூனைகள். நுனி கிள்ளிய அன்று மாலையே மதிலில் மூன்று வந்து அமர்ந்தன. இலை கசங்கும்போது வெளிப்படும் நெப்பெற்றலக்டோன் என்னும் பொருளே அவற்றை இழுப்பது. பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கே அந்த மணம் ஏறும், அதுவும் பரம்பரை வழியாக வருவது. எங்கள் மதிலிலும் கணக்குப் பிசகவில்லை: ஒன்று முகர்ந்துவிட்டுப் போனது, மற்ற இரண்டும் ஐந்தாம் சட்டியின்மேல் புரண்டு அதைத் தட்டையாக்கின. இறைச்சி கோக்கும் மூங்கிற் குச்சிகளைச் செடிக்கு ஆறாக, கூர்முனை கீழே இருக்கும்படி நெருக்கமாக ஊன்றினேன். படுக்க இடமில்லாமல் போனதும் ஆர்வம் குறைந்தது. ஐந்தாம் செடி அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது, ஆனால் பூக்கவில்லை.

மற்ற ஐந்தும் பூத்தன. மூன்றாம் சட்டியில் ஏழு கதிர்கள், குறைந்ததில் இரண்டு. உயரம் 26 சென்ரிமீற்றர். குளிர்நாட்டில் இதே செடி அதன் இரு மடங்கு நிற்கும். படங்களில் காணும் நீல அலையைக் கொழும்பில் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் காலை எட்டரை மணியளவில் வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட தேனீக்கள் வந்து கதிருக்குக் கதிர் நின்று பறப்பதைத் தேநீருடன் பார்த்திருப்பேன். இருபத்திரண்டு மாதங்களுக்கு அது போதுமான கூலிதான்.

அந்தத் தேனீக்களை நம்பி நான் செய்த கடைசிப் பிழையும் உண்டு. மார்ச்சில் காய்ந்த கதிர்களை உதிர்த்து, கிடைத்த துகள்களை விதையென்று தட்டில் தூவி ஐந்து வாரம் நீர் தெளித்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஃபாசெனி மலட்டுக் கலப்பினம். முளைக்கும் விதை தராது. தண்டு வெட்டியோ வேரைப் பிரித்தோதான் பெருக்க வேண்டும். கதிர்களைக் காயவிட்டுக் காத்திருந்த நாட்களில் செடியைப் பாதியாகக் கத்தரித்திருந்தால் இரண்டாம் பூப்பு முன்னதாக வந்திருக்கும். பிந்திக் கத்தரித்ததால் ஏப்ரல் இறுதியில் இரு சட்டிகளில் நான்கு கதிர்கள் மட்டும் வந்தன.

செலவு: முதற் கன்றுகள் 1,400, ஆறு மண்சட்டிகள் 420 ரூபா வீதம் 2,520, மணல் 400, கூட்டெரு 300, டொலமைற் 120, தகடு 2,800, மின்குமிழும் வயரும் தாங்கியும் 1,150. மொத்தம் 8,690 ரூபா. கம்பங்கள் வீட்டில் கிடந்தவை, முதல் இரு முயற்சிகளில் வீணான மற்றவை இதில் சேரவில்லை. “இந்தக் காசுக்கு வருசம் முழுக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமிக்குப் பூமாலை வாங்கியிருக்கலாம்” என்றார் மனைவி. வகுத்துப் பார்த்தேன், வாரத்துக்கு 167 ரூபா. அவர் சொன்னது சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, “இதுக்கே இவ்வளவு பாடு? ஊரிலை வேலியோரம் நிக்கிற பேய்மிரட்டியைக் கொண்டுவந்து வைச்சிருக்கலாமே” என்றார். பேய்மிரட்டியும் இதே குடும்பம். ஆங்கில நூல்களில் அதற்கு மலபார் கட்மின்ட் என்றே பெயர். அவர் அனுப்பிவைத்த கன்று, நான் கைவிட்ட அந்த மதிலோரப் பாத்தியில், கூரையுமில்லாமல் விளக்குமில்லாமல் மே மழையை வாங்கிக்கொண்டு இடுப்பளவுக்கு நிற்கிறது.

அடுத்த முறைக்கான மாற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பல்லாண்டுச் செடி என்ற எண்ணத்தை விட்டு, ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதுத் தண்டுகளை வெட்டி வைப்பேன். பழைய செடி இரண்டாவது மழைக்காலத்தில் அடியில் கட்டைபற்றி உள்ளே வெறுமையாகிறது. கூரையைப் பின்பக்கம் இன்னும் ஓர் அடி நீட்டுவேன், ஏனெனில் மே மாதத்துச் சாய்மழை பின்வரிசை இரண்டு சட்டிகளை நனைத்து, இரண்டையும் கொண்டுபோனது. பெப்ரவரிப் பூவின் இறுதிக் கதிர் வாடிய மறுநாளே பாதியாகக் கத்தரிப்பேன். இதை எழுதும் ஜூன் முதல் வாரத்தில் நான்கு சட்டிகள் கூரையின் கீழ் நிற்கின்றன. பூக்கதிர் இல்லாத, வெட்டுவதற்கு ஏற்ற தண்டுகளை இன்று காலை எண்ணினேன், இருபத்தொன்று.